கேமராவுக்குக் காட்டிய கை

மேசையை விட்டு நகரும்போது, கேசினோவில் சீட்டுப் போட்டுக் கொடுக்கும் டீலர் இரண்டு கைகளையும் ஒரு முறை தட்டி, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். விரலிடுக்கில் எதையும் ஒளித்து எடுத்துப் போகவில்லை என்று கூரையில் இருக்கும் கேமராவுக்குச் சொல்லும் முறை அது. அமெரிக்காவின் ரீனோ நகரத்தில் சீட்டுப் போட்டுப் பிழைக்கிற எல்லோரும் இதைச் செய்கிறார்கள். லோர்னா பிகேலோ பத்தொன்பது வருஷமாகச் செய்துவந்தாள். முதல் பதினான்கு வருஷம் அதை நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. பிறகு சொரியாசிஸ் என்ற தோல் வியாதி வந்தது. கேமரா பார்ப்பதற்கு முன்னால் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்த்தார்கள்.

முழங்கையில் ஆரம்பித்துத் தலைக்குப் போய், முதுகில் இறங்கி, கடைசியில் கைக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. உள்ளங்கை தடித்து, காய்ந்த ஏரி மாதிரி வெடித்துக் கிடந்தது. டீலர்கள் போடுவது கறுப்புச் சட்டை. மேசைக்கு விரித்திருப்பது பச்சைத் துணி. உடம்பிலிருந்து உதிர்வதோ வெள்ளை. இதைவிடப் பொருத்தமில்லாத வேலையை அவள் தேடிப்போய் எடுத்திருக்க முடியாது. கையுறை போடக் கூடாது. சட்டைப் பையில், துணிமேல் உதிர்ந்ததை ஒட்டி எடுக்கும் ஒட்டு உருளை ஒன்று வைத்திருப்பாள். இருபது நிமிட இடைவேளையில் கழிப்பறைக்குப் போய்த் தோளை உருட்டி எடுப்பாள்.

"பீட்சாவே சொல்லலியே, சீஸ் தூவுறீங்க" என்று ஒரு லாரி டிரைவர் சொன்னான். மேசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் டிப்ஸ் வராது. பாதி வருமானம் அதுதான்.

கூட வேலை பார்க்கும் மரிவிக் என்ற பிலிப்பினோப் பெண் மட்டும் நேராகப் பேசுவாள். "அக்கா, உன்ன யாராவது கடத்திட்டுப் போனா போலீஸ் நாய் தேவையில்ல. வழியெல்லாம் உதிர்ந்து கெடக்கறத பாத்துக்கிட்டே வந்துடலாம்."

"கடத்துனவன் பாதி வழியிலயே எறக்கி விட்டுடுவான்டி" என்றாள் லோர்னா.

அவள் செய்யாத வைத்தியமில்லை. தார் கலந்த ஷாம்பு போட்டாள். புதுசாகச் சாலை போட்ட இடம் மாதிரி தலை நாறியது. புற ஊதா விளக்கு வைத்தியம் கைக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் வாரத்துக்கு மூன்று நாள், அதுவும் பகலில் போக வேண்டும். பகலில் அவள் மேசையில் நின்றாள். மாத்திரையில் தோல் கொஞ்சம் அடங்கியது, கல்லீரல் கெட்டது. அந்த மாத்திரையோடு மல்லுக்கட்டிய வருஷத்திலேயே விடுப்பெல்லாம் தீர்ந்துபோனது. மிஞ்சியது கடுமையான களிம்பு ஒன்று. அதைப் பூசி, சமையலறை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு படுத்தால் சில நாளில் கை மனுஷக் கை மாதிரி ஆகும். நிறுத்தினால் முன்னிலும் மோசமாகத் திரும்பும். தொடர்ந்து பூசினால் தோல் வெங்காயத் தோலாக மெலிந்துவிடும் என்று எச்சரித்திருந்தார்கள்.

புது ஊசி ஒன்று இருக்கிறது, மாதத்துக்கு ஒன்று போட்டால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். அதன் விலை அவள் வீட்டு வாடகையைப் போலப் பல மடங்கு. காப்பீட்டுக் கம்பெனி சரி என்றால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஜனவரி முதல் வாரத்தில் மேற்பார்வையாளன் டக் ஹார்ட்செல் அவளைத் தூண் ஓரமாகக் கூப்பிட்டான்.

"நாலாம் மேசைக்காரர் ஒருத்தர் வந்து சொல்றாரு, அந்தம்மா தொட்ட சீட்ட நான் தொடமாட்டேன்னு."

"தொத்து வியாதி இல்லன்னு சொன்னியா?"

"சொன்னேன். சீட்டாட வந்தவரு என்ன, பாடம் கேக்கவா வந்தாரு? லோர்னா, மார்ச் கடைசி வரைக்கும் நான் சமாளிப்பேன். அதுக்குள்ள கை சரியாகலன்னா உன்னக் கீழ அனுப்பறதத் தவிர எனக்கு வழியில்ல."

கீழே என்றால் அடித்தளத்தில் இருக்கும் சீருடை அறை. துவைத்து, தேய்த்து, மாட்டிக் கொடுக்கும் வேலை. டிப்ஸ் கிடையாது.

தோல் மருத்துவமனையில் நாலு மாதத்துக்கு முன்பே அவள் நேரம் கேட்டு வைத்திருந்தாள். ஜனவரி நடுவில்தான் கிடைத்தது. அதற்கு முந்தின இரண்டு வாரமும் அவள் தினமும் களிம்பு பூசினாள். பிளாஸ்டிக் சுற்றினாள். முந்தின மாலை தொட்டியில் உப்புப் போட்டு ஊறி, முழங்கையிலும் முதுகிலும் எட்டிய மட்டும் தேய்த்து எடுத்தாள். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதைப் போல. யோசித்துச் செய்த காரியமில்லை.

டாக்டரின் உதவியாளன் கார்பின் நல்ல பையன் மாதிரி இருந்தான். கையைக் காகிதத்தில் பதியச் சொன்னான்.

"உங்க உள்ளங்கைதான் அளவு. ஒரு உள்ளங்கை, உடம்புல நூத்துல ஒரு பங்கு" என்று சொல்லி, முதுகு, முழங்கை, தலை என்று ஒவ்வொன்றாக அளந்தான். "நாலு. தாராளமா போட்டா நாலரை."

"எவ்வளவு வேணும்?"

"ஊசிக்குப் பத்து. இல்லன்னா கையில தடிப்பும் வெடிப்பும் இருக்கணும். கைக்குத் தனிச் சலுகை உண்டு." அவள் கையைப் பிடித்துத் திருப்பினான். இளஞ்சிவப்பாக மினுமினுத்தது. "ஆனா உங்க கை நல்லாத்தானே இருக்கு."

ஐந்து வருஷத்தில் அவள் கையை நன்றாக இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள் அவன்தான்.

"இது என் கையே இல்லீங்க. ரெண்டு வாரமா களிம்பு போட்டு, பிளாஸ்டிக் சுத்திக்கிட்டுப் படுத்தேன்."

"ஏன்?"

"டாக்டர்கிட்ட வர்றேனே."

கார்பின் பேனாவைக் கீழே வைத்தான். "நீங்க மட்டுமில்ல. இங்க வர்றவங்கள்ல பாதிப் பேரு இதத்தான் செய்றாங்க."

"வழக்கமா எப்படி இருக்கும்னு நான் சொல்றத எழுதிக்கங்களேன்."

"எழுதறேன். ஆனா படமும் கேக்கறாங்க. படத்துல இருக்கறதத்தான் பாப்பாங்க."

படத்தைத்தான் பார்த்தார்கள். பிப்ரவரி ஆரம்பத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. கார்பின் போனில் சொன்னான்: "களிம்ப மெல்ல மெல்லக் கொறைங்க. ஆறு வாரம் கழிச்சு, இருக்கற மாதிரியே வாங்க."

மெல்லக் குறைக்கும் பொறுமை அவளுக்கு இல்லை. அன்றைக்கே களிம்புக் குழாயைக் குப்பையில் போட்டாள்.

மூன்றாம் வாரம் கை பழிவாங்க ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. சீட்டைத் தள்ளும் பெருவிரல் மடிப்பில் வெடிப்பு எலும்பைத் தொட்டுவிடும் போல ஆழமாக இறங்கியது. இடைவேளையில் அதில் பசை விட்டு ஒட்டிக்கொண்டாள். உடைந்த பீங்கானை ஒட்டுகிற அதே பசைதான். பாதி டீலர்கள் செய்வது அது. மேசையில் ஆட்கள் வந்து உட்கார்ந்து, அவள் கையைப் பார்த்துவிட்டு, அடுத்த மேசைக்கு எழுந்து போனார்கள். இன்னும் மூன்று வாரம், இன்னும் பதினெட்டு நாள் என்று எண்ணிக்கொண்டு நின்றாள். கெட்டுப்போவதற்காக ஒருத்தி நாள் எண்ணிக்கொண்டிருப்பதை நினைத்தால் அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

மார்ச் நாலாம் தேதி, மதியம் இரண்டு மணி வாக்கில் பசை விட்டுவிட்டது. அவள் கவனிக்கவில்லை. டைமண்ட் நாலு என்ற சீட்டின் முதுகில் மிளகளவு சிவப்பு ஒட்டியிருந்தது. எதிரே இருந்த கிழவர் அதைக் குனிந்து பார்த்தார்.

"இது என்ன, சாஸா?"

லோர்னா ஆட்டத்தை நிறுத்திக் கையைத் தூக்கினாள். பத்தொன்பது வருஷப் பழக்கம் அது. அடையாளம் பட்ட சீட்டு மேசையில் இருந்தால் ஆட்டம் நிற்க வேண்டும். சீட்டின் முதுகில் கறை இருந்தால் எந்தச் சீட்டு எங்கே வருகிறது என்று ஒரு ஆளால் சொல்ல முடியும். பட்டது ரத்தமா மையா என்று கேசினோ கேட்காது. மேசையில் இருந்த எட்டுக் கட்டுச் சீட்டையும் உறையில் போட்டு முத்திரை வைத்தார்கள். அவளை மேசையிலிருந்து விலகச் சொன்னார்கள். அவள் இரண்டு கையையும் தட்டி, திருப்பிக் காட்டினாள். ரத்தம் மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.

"விசாரணை முடியற வரைக்கும் சம்பளமில்லாத லீவு. அப்புறம் கீழ" என்றான் டக்.

"நான் சீட்டுல அடையாளம் வச்சேன்னா நெனைக்கிற?"

"நான் நெனைக்கல. மேல உக்காந்து கேமரா பாக்கறவங்க நெனைக்கக் கூடாதில்ல."

பத்து நாள் கழித்துக் கார்பின் அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு படமெடுத்தான். இந்தத் தடவை கட்டாயம் கிடைக்கும் என்றான்.

ஏப்ரலில் இரண்டாவது மறுப்பு வந்தது. ஜனவரியில் கை நன்றாக இருந்ததற்குப் படம் இருக்கிறது. மார்ச்சில் கெட்டது களிம்பை நிறுத்தியதால் வந்த தற்காலிக விளைவு. நீண்ட காலமாக இப்படித்தான் இருக்கிறது என்பதற்குத் தேதியோடு சான்று தேவை. இவ்வளவுதான் கடிதம்.

"பழைய போட்டோ ஏதாவது இருக்கா?" என்று கார்பின் கேட்டான்.

"இந்தக் கைய யாருங்க போட்டோ எடுத்து வச்சுப்பாங்க?"

அந்த வாரக் கடைசியில் விசாரணை முடிந்து கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். டக் ஒரு தடித்த உறையை மேசைமேல் தள்ளினான். "ஒரு பிரதி ஒனக்கு. நீ தப்பு செய்யலன்னு முடிவாயிடுச்சு."

"எப்படித் தெரிஞ்சுதாம்?"

"ஒரு வருஷத்துக் கேமராப் பதிவ எடுத்துப் பாத்திருக்காங்க. வெடிப்பு புதுசா வேணும்னே பண்ணதா, ஏற்கெனவே இருந்ததான்னு."

அவள் பிரித்தாள். பதினோரு படங்கள். ஒவ்வொன்றிலும் கறுப்புச் சட்டைக் கைகள் இரண்டு, பச்சைத் துணிக்கு மேலே விரித்துக் காட்டியபடி. கீழே தேதி, மணி, நிமிடம். மே, ஜூன், ஆகஸ்ட், நவம்பர். இவ்வளவு தெளிவாக அவளே தன் கையைப் பார்த்ததில்லை. கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பதையே அவள் எப்போதோ விட்டிருந்தாள்.

அங்கேயே நின்று, படங்களை இன்னொரு முறை புரட்டினாள். பிறகு நேராகக் கார்பினிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மே மாதம் அனுமதி வந்தது. பேனா மாதிரி இருந்த ஊசியைத் தொடையில் வைத்து அழுத்த வேண்டும். முதல் மாதம் அரிப்பு நின்றது. அதுவரை அரிப்பு இல்லாமல் தூங்குவது எப்படி இருக்கும் என்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது. இரண்டாவது மாதம் உதிர்வது நின்றது. ஆகஸ்டில் கையைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ரேகை தெரிந்தது.

அந்தக் கையோடு சீருடை அறையிலிருந்து மாடியேறி டக்கிடம் போனாள். அவன் பிடித்துப் பார்த்தான். ஐந்து வருஷத்தில் அவன் அவளைத் தொட்டதே இல்லை.

"அடேயப்பா" என்றான். உட்கார்ந்தான். கணினியில் அவள் கோப்பைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நீ தப்பு செய்யலன்னு இருக்கு. டீலரோட கையிலேர்ந்து சீட்டுல அடையாளம் பட்டதுன்னும் இருக்கு. அந்த ரெண்டாவது வரி இருக்கறவங்கள மேசையில நிறுத்தக் கூடாதுன்னு மேலிடம் சொல்லுது."

"ரெண்டும் ஒரே தாள்லதானே இருக்கு."

"ஆமா. ஒரே தாளுதான்."

"அந்தத் தாளாலதான், டக், எனக்கு ஊசி கெடச்சுது."

அவன் கணினியில் கோப்பை மூடினான்.

ஊரில் இருக்கும் வேறு இரண்டு கேசினோக்களுக்குப் போய்ப் பார்த்தாள். சீட்டுப் போடச் சொன்னார்கள். போட்டாள். கை பழைய மாதிரி ஓடியது. பழைய இடத்துக் கோப்பை வாங்கிப் படித்த பிறகு யாரும் கூப்பிடவில்லை. சூதாட்டமே வேண்டாம் என்று வேறு ஊருக்குப் போகலாம். ஆனால் வேலையை விட்டால் காப்பீடு போகும். காப்பீடு போனால் ஊசி போகும். ஊசி போனால் கை போகும். சீருடை அறையின் சின்னக் குளிர்பெட்டியில், யாரோ மறந்து வைத்த தயிர் டப்பாவுக்குப் பக்கத்தில் அடுத்த மாத ஊசி இருந்தது.

மரிவிக் இடைவேளையில் சட்டை மாற்ற வந்தாள். "கையக் காட்டு" என்றாள். லோர்னா காட்டினாள்.

"கொழந்த கை மாதிரி இருக்கே அக்கா. இத இங்க எவன் பாக்கறான்?"

"சட்டைங்க பாக்குது. போ, ஒன் நேரம் ஆச்சு."

மரிவிக் போன பிறகு அழுக்குக் கூடையிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் போட்டாள். ஒன்றை எடுத்தபோது கை நின்றது. கறுப்புச் சட்டை. எண் இருநூற்றுப் பன்னிரண்டு. தோள் முழுக்க வெள்ளைத் தூள். பொடுகாக இருக்கும் என்று நினைத்தாள். சட்டைக் கையைப் புரட்டினாள். முழங்கையின் உட்பக்கம் துணியோடு காய்ந்து ஒட்டிய ரத்தம், நாணய அளவில் இரண்டு. பையில் ஒட்டு உருளை ஒன்று இருந்தது, பாதி தீர்ந்தது.

எண்ணுக்கு உரிய பெயர் சுவரில் மாட்டிய பட்டியலில் இருக்கும். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. சட்டையைத் தனியாகத் துவைத்தாள். ரத்தம் போக இரண்டு தடவை ஆனது. தேய்த்து, மடித்து, ஒரு துண்டுச் சீட்டில் மருத்துவமனையின் எண்ணை எழுதினாள். அதற்குக் கீழே எழுதினாள்: களிம்பு போட்டுக்கிட்டுப் போகாதே. இன்னைக்கே படம் எடுத்து வை, தேதியோட.

அதைப் பையில், ஒட்டு உருளைக்குப் பின்னால் செருகி, சட்டையை மற்றவற்றோடு மாட்டினாள்.