கரகரப்பை நீக்க இங்கே அழுத்தவும்

வியாழக்கிழமை கண்டக்டருக்குத் தொண்டையில் ஆபரேஷன். கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்தாலும் சத்தம் வராது. இருபத்தாறு வருஷமாக "உள்ள போ, உள்ள போ, உள்ள ஒரு வீடே கட்டலாம்" என்று பஸ்ஸில் முழங்கிய குரல் அது. கடைசி சீட்டில் குறட்டை விடுகிறவனும் தன் ஸ்டாப் வந்துவிட்டதென்று அலறியடித்து எழுந்திருப்பான்.

அந்தக் குரலைப் பிடித்து வைக்கும் வேலை பேச்சுப் பயிற்சி டீச்சருடையது. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டிய சின்ன அறை அவளுக்கு. மூன்று வாரமாகக் கண்டக்டர் அங்கே மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து முந்நூற்றுச் சொச்சம் வாக்கியங்கள் பேசியிருந்தார். "தண்ணி குடு." "ஜன்னலைத் தொற." "வலிக்குது." ஆபரேஷனுக்குப் பிறகு போனில் ஒரு பட்டனைத் தொட்டால் போதும், அவர் குரலே பேசும். போனில் ஏற்றும் வேலையைப் புதன்கிழமைக்கு வைத்திருந்தாள். அதுவரை எல்லாம் அவள் கம்ப்யூட்டரில்தான் இருந்தன.

டீச்சரை ஒரே ஒரு விஷயம் அரித்துக்கொண்டிருந்தது. கடைசி வாரப் பதிவுகளில் ஒரு கரகரப்பு. மைக்கை மாற்றினாள், வயரை மாற்றினாள், ஃபேனை நிறுத்திவிட்டு வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து பார்த்தாள். போவேனா என்றது. கண்டக்டரின் மனைவியும் கேட்டுப் பார்த்துவிட்டு, "மெஷின்ல ஏதோ கோளாறு டீச்சர்" என்று தீர்ப்புச் சொல்லியிருந்தாள். மெஷின் கோளாறுதான் என்று மூன்றாம் மாடியே முடிவு செய்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி. கணவனும் மனைவியும் வெளியே பெஞ்சில் காத்திருந்தார்கள். இன்னும் பத்துப் பதினைந்து வாக்கியங்கள்தான் பாக்கி. அதற்குள் கரகரப்புக்கு வழி பார்த்துவிடலாமென்று டீச்சர் இணையத்தில் தேடினாள். கண்ணில் பட்ட ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்தாள். திரையின் நடுவில் சிவப்பாக ஒரு பெட்டி வந்து குதித்தது. "உங்கள் ஒலிப்பதிவு மென்பொருள் பழையது! கரகரப்பை நீக்க உடனே புதுபிக்கவும்! இங்கே அழுத்தவும்!" கீழே ஒரு கடிகாரம் அறுபதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

'புதுபிக்கவும்' என்பதில் ஒரு 'ப்' இல்லை. காலையிலிருந்து மாலைவரை குழந்தைகளுக்கு "அப்பா", "கப்பல்" என்று உதட்டை ஒட்டிப் பிரிக்கச் சொல்லிக்கொடுப்பவள் அவள். ஒரு 'ப்' தொலைந்தால் அவளுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்தது. அவளுடைய மென்பொருள் இதுவரை ஒரு தடவைகூட இப்படிச் சிவப்பு உடுத்தி, கடிகாரம் கட்டிக்கொண்டு வந்ததில்லை என்பதும் தெரிந்தது. ஆனால் 'கரகரப்பை நீக்க' என்ற சொல்லைப் பார்த்ததும் அவளுக்கு வேறொன்றும் கண்ணில் நிற்கவில்லை. அழுத்தினாள். வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொன்னது. நிறுத்தினாள். பாஸ்வேர்டு கேட்டது. அதையும் தாரை வார்த்தாள். திட்டுகிறவர்கள் திட்டலாம். ஆனால் அவள் தனக்காக அழுத்தவில்லை.

இரண்டு நிமிஷத்தில் 'தண்ணி குடு' என்ற கோப்பின் பெயர் வாயில் நுழையாத எழுத்துகளாக மாறியது. அடுத்தது 'ஜன்னலைத் தொற'. அதற்கடுத்தது 'வலிக்குது'. வரிசையாக வெளுத்துக்கொண்டே வந்தன. டீச்சர் மேஜைக்கடியில் தவழ்ந்து போய் நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். தலையைத் தூக்கினால், காப்புப் பிரதி எடுத்து வைத்திருந்த டிஸ்க் கம்ப்யூட்டரிலேயே செருகியபடி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. தினமும் கழற்றி டிராயரில் வைக்க வேண்டிய டிஸ்க். மறுநாள் மறுபடி செருக வேண்டுமே என்ற சோம்பலில் விட்டது. அதிலும் பாதிக்கு மேல் போயிருந்தது; அவள் பிடுங்குவதற்குள் மீதியும் போனது.

தரையில் அப்படியே உட்கார்ந்தாள். மெஷின் கோளாறு என்று அந்த அக்காவே சொல்லி வைத்திருக்கிறாள். மெஷின் மொத்தமாகப் படுத்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் யார் துருவிக் கேட்கப்போகிறார்கள்? அந்த நினைப்பு வந்ததற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடுதான் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரரைப் போனில் கூப்பிட்டாள்.

அவர் மாடிப்படியில் ஓடி வந்தார். திரையைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

"வயரை எப்ப பிடுங்கினீங்க?"

"உடனே, சார். ரெண்டு மூணு நிமிஷத்துல."

"அதுதான் காப்பாத்துச்சு. இல்லேன்னா பக்கத்து ரூம் எல்லாம் காலி." பெருமூச்சு விட்டார். "இதெல்லாம் தொறக்க முடியாது டீச்சர். காசு கேட்பான், குடுத்தாலும் தொறப்பான்னு நிச்சயமில்ல."

"நான் என்ன பண்ணியிருக்கணும்?"

"ஒண்ணும் பண்ணியிருக்கக் கூடாது. ஏதோ ஒரு வெப்சைட்டுக்கு உங்க மெஷின்ல இருக்கறது பழசா புதுசான்னு எப்படித் தெரியும்? பெட்டி வந்தா அதுல கையே வைக்காம மொத்தமா மூடிடுங்க. அப்டேட் நிஜமாவே இருந்தா அந்த மென்பொருளுக்குள்ளயே போய்ப் பாருங்க. சந்தேகமா இருந்தா எனக்கு ஒரு போன். ஆனா ஒண்ணு, மறைக்காம கூப்பிட்டீங்களே, அதுவே பெரிசு."

பெரிசோ சிறிசோ, வெளியே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சர் போய் அவர்களுக்கு முன்னால் நின்றாள். "அண்ணே, உங்க பதிவு எல்லாம் போயிடுச்சு. போலி அப்டேட். நான்தான் அழுத்தினேன். மெஷின் மேல தப்பில்ல."

மனைவி எழுந்தாள். "மூணு வாரம்! மூணு வாரம் இந்த மனுஷன் வலியோட பேசினாரே! விளையாட்டா உனக்கு?" அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. டீச்சர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள்.

கண்டக்டர் கையைத் தூக்கி மனைவியை அமர்த்தினார். "ஏன் டீச்சர் அழுத்தினீங்க?"

"கரகரப்பு போகும்னு போட்டிருந்துச்சு அண்ணே. உங்க குரல் சுத்தமா இருக்கணும்னு..."

அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பிறகு, "அது மெஷின் இல்ல டீச்சர்," என்றார், கரகரவென்று. "அது நான்தான். போன வாரத்துலேர்ந்தே எனக்குத் தெரியும். நீங்க எல்லாரும் மெஷின் மெஷின்னு சொல்றப்ப கேக்க நல்லா இருந்துச்சு. அதான் வாயைத் திறக்கல."

அவர் மனைவி உட்கார்ந்துவிட்டாள். அவளும் காது கேளாதவள் இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். டீச்சரும் அழுதாள். மூன்று பேரில் அழாதவர் கண்டக்டர் ஒருவர்தான்.

டாக்டர் சாயங்காலத்துக்குள் ஒரு மணி நேரம் பேச அனுமதி தந்தார். அதற்கு மேல் கூடாது, வீக்கம் ஏறிவிடும் என்றார். இரவல் வாங்கிய கம்ப்யூட்டரில் டீச்சர் ஆஸ்பத்திரியின் வாக்கியப் பட்டியலைத் திறந்தாள். முந்நூறில் நாற்பதுதான் தேறும். எதை எடுப்பது, எதை விடுவது?

"அதை மூடுங்க டீச்சர்," என்றாள் மனைவி. "தண்ணி வேணும்னா கையைக் காட்டினா எனக்குத் தெரியாதா? அதுக்கு எதுக்குக் குரல்?"

ஆக, புதுப் பட்டியல். மகளை வையும் வசவு ஒன்று, அவளையே கொஞ்சுவது ஒன்று. பேரனை மிரட்டுவதற்கு ஒன்று. "உள்ள போ, உள்ள போ" கட்டாயம். சாப்பாட்டைக் குறை சொல்ல இரண்டு; அது இல்லாவிட்டால் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள் என்றாள் அவளே. முப்பத்தொன்பது ஆனபோது குரல் தேய்ந்து நூலாகியிருந்தது. மனைவி கதவருகே போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேட்டாள்.

"என் பேரு?"

கண்டக்டர் திருதிருவென்று விழித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை "இந்தா" என்றும் "ஏய்" என்றும் கூப்பிட்டுத்தான் அவருக்குப் பழக்கம். போய்த் தொலைந்த முந்நூற்றுச் சொச்சத்தில் அவள் பெயர் எங்குமே இல்லை.

தொண்டையைச் செருமினார். மைக்கை இழுத்தார். அவள் பெயரைச் சொன்னார், முழுசாக.

"என்ன?" என்றாள் அவள், சட்டென்று திரும்பி.

அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. மறுபடி சொல்லச் சொல்லலாமென்று டீச்சர் பார்த்தால், கடிகாரத்தில் நேரம் முடிந்திருந்தது. "உங்க குரலை மட்டும் வெட்டி எடுத்துடறேன்க்கா, ஒரு நிமிஷ வேலை," என்றாள். கண்டக்டர் வேண்டாம் என்று விரலை ஆட்டினார்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார்கள். மனைவி மருந்துச் சீட்டோடு தாழ்வாரத்தின் கோடியில் நின்றுகொண்டிருந்தாள். கண்டக்டர் கழுத்தில் கட்டியிருந்த துணியைத் தடவிவிட்டு, போனை எடுத்து நாற்பதாவது பட்டனைத் தொட்டார். கரகரத்த குரல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. "என்ன?" என்றது போன். "என்ன?" என்றாள் அவளும், அங்கிருந்தே.