பாதி அட்டை மாத்திரை

“பாதி அட்டையா? யாருக்குடி குடுத்த?”

“உனக்குத்தான்டி, கொழுப்பெடுத்தவளே! ‘மச்சினி, கெரெகெரே’ன்னு கையை நீட்டினியே!”

உனைசி வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் தீவின் தலைநகரான சுவாவின் மைதானத்தில், உடை மாற்றும் அறைக்குள் வெள்ளை அரைக்கால்சட்டையோடு நின்றிருந்தோம். இன்னும் சற்று நேரத்தில் பெண்கள் ரக்பி இறுதியாட்டம். வெளியே கூட்டம் எங்கள் ஊர்ப்பேரைக் கத்தக் கத்தத் தகரக் கூரை அதிர்ந்தது. பயத்தையும் மீறி எனக்குள் ஏதோ துள்ளியது.

இப்போதைக்குப் பிள்ளை வேண்டாமென்று நான் மாத்திரை சாப்பிடுகிறேன். அட்டையின் கடைசியில் உள்ள பழுப்பு மாத்திரைகளை விட்டுவிட்டு, அடுத்த அட்டையின் வெள்ளையை உடனே தொடங்கினால் மாதவிடாய் தள்ளிப்போகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அப்படியே தொடங்கினேன். ஆனால் சொந்தக்காரர் ‘கெரெகெரே’, கொஞ்சம் தாயேன், என்று கேட்டுவிட்டால் இல்லையென்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. கிழித்துக் கொடுத்தேன். என் பாதி தீர்ந்து மாத்திரை நின்றது. இதோ, இறுதியாட்டத்தன்று வந்துவிட்டது.

“அதையெல்லாம் என்னடி பண்ணின?”

“ரெண்டு முழுங்கினேன். குமட்டுச்சு. மிச்சம் வீட்ல கிடக்கு.”

“அடிப்பாவி!”

“பேட் வெச்சிருக்கல்ல?”

“வெள்ளை ட்ரவுசர்டி! விழுந்து புரளணும். மொத்த ஊரும் பாத்துட்டிருக்கு. இந்தக் கெலேரா ஆடலைன்னு சொல்லிடு.”

“நீ ஓடலைன்னா கப்பு போச்சு. இரு!”

அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எங்கள் ஊர் ஆண்கள் அணி அப்போதுதான் ஜெயித்துவிட்டு மாமரத்தடியில் வந்து விழுந்திருந்தது. எல்லோரும் கறுப்பு அரைக்கால்சட்டை. நடுவில் அணித் தலைவன் சமிசோனி, என் அண்ணன்.

“ஐயோ, அண்ணன்கிட்டயா? மாட்டேன்!” அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துப் பேசுவதே எங்களிடம் வழக்கமில்லை. இதையா பேசுவது?

“நீ ஏன்டி பேசற? எனக்கு மச்சான்தானே!”

ஓடினாள். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன். மைதானத்தில் எங்களை அழைத்து முதல் விசில் ஒலித்தது.

“என்னடி மூச்சு வாங்குது? என்னைக் கட்டிக்க வந்தியா?” என்றான் அண்ணன்.

“இந்த மூஞ்சியையா? போ மச்சான்! ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கெரெகெரே. எதுக்குன்னு கேக்காத. உன்னோடது, உன் ஆளுங்களோடது, எல்லா ட்ரவுசரும் வேணும். கழட்டுங்க, இப்பவே!”