பூட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்

பூட்டுக்காரர் தன் பட்டறைக்குள் மாட்டிக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வெளியே வந்தது பதினோரு வருஷம் கழித்து, ஒரு வியாழக்கிழமை. அந்தப் பதினோரு வருஷத்தில் அவர் கதவைத் தவிர ஊரில் திறக்காத பூட்டு என்று ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அவர் கை பட்டால் எதுவும் திறக்கும். பிறவியிலேயே அப்படி. சாவி தொலைந்த பெட்டி, துருப்பிடித்த வாயிற்கதவு, பல் கிட்டிப்போன குழந்தையின் வாய், எல்லாம் அவருக்கு ஒன்றுதான். மகன் இறந்த பிறகு ஏழு மாதம் பேசாமல் கிடந்த ரொட்டிக்கடைக்காரரின் தொண்டையில் இரண்டு விரலை வைத்தார். மனுஷன் சாயங்காலம் வரை அழுது தீர்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். தனக்கென்று தொட்டால் மட்டும் திறக்காது. தன் கல்யாணக் கோட்டு இருந்த பெட்டியின் சாவியைத் தொலைத்துவிட்டு, பெட்டியை உடைத்துத்தான் கோட்டை எடுத்தார். அதை அவர் குறையாகவே நினைக்கவில்லை. ஆண்டவர் கொடுத்தது அடுத்தவருக்கு, இதில் என்ன குழப்பம் என்பார். சர்ச்சில் ஜெபத்துக்கு நடுவில் யாராவது வந்து கூப்பிட்டாலும் எழுந்து போய்விடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது. அவரே செய்த பூட்டு. சாவி வெளிப்பக்கம் தொங்கியது. மனைவி திருப்பினாள், சுற்றிக்கொண்டே இருந்தது. தச்சர் கோடாலியோடு வந்தார், கோடாலி வளைந்தது. கொத்தனார் சுவரில் ஒரு கல்லைப் பெயர்த்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போவதற்குள் முதல் கல் பூச்சோடு தன் இடத்தில் இருந்தது. ஆளை விட்டால் போதும் என்று போய்விட்டார். பட்டறையை ஒட்டிக் கழிப்பறை இருந்தது, குழாயில் தண்ணீரும் வந்தது; கேட்க வெட்கப்படுகிறவர்களுக்காக இதையும் சொல்லிவிடுவது நல்லது.

கதவு வீட்டுப் பக்கம். தெருப்பக்கம் ஒரு ஜன்னல், ஏழு கம்பி. முதல் மாதம் ஊரே வந்து உச்சுக் கொட்டியது. இரண்டாம் மாதம் வந்தவர்கள், வந்தது வந்தோம் என்று கையோடு ஒரு பூட்டையும் கொண்டுவந்தார்கள். கம்பி வழியே கையை நீட்டித் தொட்டார், திறந்தது. கொண்டுவர முடியாத கதவுகளுக்குக் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள், அதுவே போதுமாக இருந்தது. முன்பெல்லாம் அவரைத் தேடித் தெருத்தெருவாக அலைய வேண்டும். இப்போது ஆள் எப்போதும் அங்கேயே. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வரிசையில் காத்திருப்பவர்களுக்கு பெஞ்சு போட்டார்கள், மழைக்குத் தகரக் கூரை போட்டார்கள். தனக்குக் கிடைத்த வரத்தைப் புதைத்துவைக்காத மனிதர் என்று பாதிரியார் ஒரு ஞாயிறு முழுக்க அவரைப் பற்றியே பிரசங்கம் செய்தார். பிறகு ‘பூட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்’ என்று அழகான எழுத்தில் ஒரு பலகை எழுதி ஜன்னலுக்கு மேல் மாட்டினார்.

உள்ளே இருந்தவருக்கு மூச்சு முட்டியது. தெருவை எட்டுத் துண்டாகத்தான் பார்த்தார். மூலை திரும்பினால் என்ன இருக்கும் என்பது மெல்ல மெல்ல மறந்துபோனது. நாலாம் வருஷம் மகளுக்குக் கல்யாணம். சர்ச்சிலிருந்து நேரே ஜன்னலுக்கு வந்தாள். கம்பி வழியே தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். கையை எடுப்பதற்குள் பின்னால் நின்றவர் ஒரு சூட்கேஸை நீட்டினார். சில மதியங்களில் கதவின் மேல் இரண்டு கையையும் வைத்து, அவளுக்காகத்தானே கேட்கிறேன் என்று மனைவியைச் சாக்கு சொல்லிப் பார்ப்பார். கதவு அசையாது. அது தனக்காகக் கேட்பதுதான் என்று அவருக்கே தெரியும், கதவுக்குத் தெரியாதா? போகப் போக வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சுதந்திரமாகத் திரிகிற முகங்களைப் பார்த்தால் வயிறு எரிந்தது, எரிவதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. கைகளை மட்டும் பார்த்தார்.

மனைவி மூன்று வேளையும் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து ஜன்னலில் சாப்பாடு கொடுத்தாள். தட்டு கம்பிக்குள் நுழையாது, அதனால் ஒரு சப்பட்டை டப்பா. மற்றவர்கள் வலியோடு நிற்கும்போது முந்துவது நியாயமில்லை என்று வரிசையில்தான் நிற்பாள். அந்த வியாழக்கிழமை அவளுக்குச் சமைக்கப் பிடிக்கவில்லை. வெறுங்கையோடு வந்து நின்றாள். அவள் முறை வந்தது.

“என்ன திறக்கணும்?” என்றார் அவர், தலை நிமிராமல்.

அவள் வெறுங்கையைக் கம்பியில் வைத்தாள்.

“ஒண்ணும் கொண்டுவராம வந்தா எப்படிம்மா? கைப்பிடியாவது கழட்டிட்டு வாங்க.”

முப்பது வருஷமாக ‘வா’ என்று கூப்பிட்ட மனுஷன் ‘வாங்க’ என்றார். அவள் திரும்பி நடந்தாள். வீட்டுக்குள் போய் அந்தக் கதவின் முன்னால் நின்று தட்டினாள். அதை உதைத்திருக்கிறார்கள், வெட்டியிருக்கிறார்கள், நெருப்பால் சுட்டிருக்கிறார்கள். யாரும் தட்டியதில்லை.

“யாரு?”

“நான்தான். திறங்க.”

“திறக்க முடிஞ்சா நான் எப்பவோ வெளிய வந்திருக்க மாட்டேனா?”

“நீங்க ஒண்ணும் வெளிய வர வேணாம். எனக்கு உள்ள வரணும். இந்த வீட்டுல தனியா இருக்க என்னால முடியலங்க.”

அவர் பழக்கதோஷத்தில் கையை வைத்தார். மற்ற எல்லாப் பூட்டுகளையும் போலவே அதுவும் திறந்தது.

அவள் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். பின்னால் கதவு மறுபடி சாத்திக்கொண்டதை இருவருமே கவனிக்கவில்லை. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தலை நரைச்சிடுச்சே உனக்கு.”

“அது நரைச்சு ஆறு வருஷமாச்சு.”

ஜன்னலில் யாரோ, “அண்ணே, நம்ம பூட்டு…” என்று இழுத்தார். “கொஞ்சம் இருங்க” என்று அவள் எழுந்துபோய் ஜன்னல் கதவைச் சாத்தினாள். சாயங்காலம், கொஞ்சம் நடக்கணும்போல இருக்கு என்றாள். அவளுக்காகக் கதவைத் தொட்டார், திறந்தது. அவள் பின்னாலேயே அவரும் வெளியே போனார். மூலை திரும்பியதும் ஒரு தபால் பெட்டியும் ஒரு சலூனும் இருந்தன. அந்தத் தபால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

மறுநாள் காலையில் பட்டறைக்குள் போய், பின்னால் கதவு சாத்திக்கொள்ள, வழக்கம்போல ஜன்னலில் உட்கார்ந்தார், வந்தவர்களின் முகத்தைப் பார்த்து விசாரித்தார். பலகையின் கீழே மனைவி சாக்கட்டியால் ‘சாயங்காலம் தவிர’ என்று எழுதினாள். ஊர் இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு நேரத்தை மாற்றிக்கொண்டது. தனக்குக் கால் வலிக்கிற நாட்களில் அவருக்காக இரக்கப்பட்டு, நடக்க ஆசையாக இருக்கிறது என்று அவள் பொய் சொல்லிப் பார்ப்பாள். கதவு திறக்காது. அன்றைக்கு இருவரும் உள்ளேயே உட்கார்ந்து, தட்டில் போட்டுச் சாப்பிடுவார்கள்.