ஏழு மணித் துடிப்பு

திரையில் முதலில் வந்தது என் இதயம். பச்சைக் கோடாக, சீராக, ஒரே உயரத்தில் எழுந்து விழுந்து ஓடியது. "உங்களோடது ரொம்ப நிதானம் மேடம். வாரம் முழுக்க ஒரே தாளம்" என்றாள் கருவியைக் கொண்டுவந்திருந்த இன்ஜினியர் பெண். அதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை. நேரம் தவறுவதை நான் யாரிடமும் பொறுத்துக்கொண்டதில்லை. என் இதயத்துக்கும் அது தெரிந்திருக்கும்.

மருத்துவக் கருவி செய்கிற புதிய கம்பெனிகளில் முதலீடு செய்வது எங்கள் தொழில். நானும் என் தம்பியும் தொடங்கிய நிறுவனம். கணக்கும் வழக்கும் என் பக்கம், பேச்சும் சிரிப்பும் அவன் பக்கம். எங்களுக்கென்று ஒரு சட்டம் உண்டு. எங்கள் உடம்பில் படாத கருவியில் எங்கள் பணம் படாது. ஊசியோ பட்டையோ கண்ணாடியோ, நாங்கள் இருவரும் ஒரு வாரம் போட்டுப் பார்ப்போம். அதற்குப் பிறகுதான் கையெழுத்து. மற்ற நிறுவனத்தார் இதைக் கேட்டுச் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை நிறுத்தினார்கள். இந்த முறை வந்தது மார்பில், தோளெலும்புக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும் பட்டை. இதயத்துடிப்பை இரவு பகலாகப் பதிவு செய்யும். குறை என்று சொன்னால் பசைதான். எடுத்த பிறகும் தோலில் சதுரமாக ஒரு சிவப்பு, அதில் ஓயாத அரிப்பு.

அடுத்து தம்பியின் கோடு வந்தது. அந்தப் பெண் கோட்டை நிறுத்திவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"சார், தினமும் சாயங்காலம் ஏழு மணி வாக்குல என்ன பண்ணுவீங்க?"

"வீட்டுக்குப் போவேன்மா. உலகத்துல எல்லாரும் பண்றதுதான்."

"அந்த நேரத்துல துடிப்பு எகிறுது. நைட் தூங்கற வரைக்கும் இறங்கலை. காலைல மறுபடி எகிறி, நீங்க ஆபீசுக்குக் கிளம்பினதுக்கு அப்புறந்தான் அடங்குது."

எங்கள் வக்கீல் வாயைப் பொத்திக்கொண்டார். அப்படியும் அடக்க முடியவில்லை. "வெளிய புலி, வீட்ல எலின்னு சொல்வாங்க. இப்ப படமே எடுத்துட்டாங்க சார்!" மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் உரக்கச் சிரித்தான். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

"இங்க நானே உங்களுக்கு ஒட்டிவிட்டப்ப கொஞ்ச நேரம் பதிவாச்சு சார். அது வேற துடிப்பு. அதுக்கப்புறம் ஒரு வாரமா ஓடறது வேற ஒருத்தரோடது." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த முதல் துடிப்பத்தான் ஒரு டாக்டர் பாக்கணும்னு சொல்ல வந்தேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. தம்பி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். "பாத்தீங்களாக்கா? ஆளையே மாத்திச் சொல்லுது மெஷின். இதை நம்பி நாம பணம் போடறதா?" பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலில் தேன் தடவினான். "ஒரு வார்த்தை சொல்லும்மா, இந்த ஒரு பட்டையில மட்டும் கோளாறுன்னு. மத்ததெல்லாம் பேசிக்கலாம்."

நாங்கள் இல்லை என்று சொன்னால் இந்த மாதத்தோடு அவள் கம்பெனிக்குப் பூட்டு. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவள் தம்பியை நேராகப் பார்த்தாள்.

"கோளாறு இல்ல சார்."

எனக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. தம்பி மனைவி என் வீட்டில் எதிரே உட்கார்ந்து, பேச்சுக்கு நடுவே தோளெலும்புக்குக் கீழே துணியின் மேலேயே சொறிந்துகொண்டிருந்தாள். "பெரியவங்க முன்னாடி என்ன இது?" என்று அதட்டினேன். "ஒண்ணுமில்லக்கா" என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கும் அதே இடத்தில்தான் அரித்துக்கொண்டிருந்தது. நான் அடக்கிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அப்பா சொல்வார், இந்த வீட்டில் பொய் சொன்னவனுக்குச் சோறு உண்டு, பேச்சு கிடையாது என்று. தன் இதயத்தில் இருக்கும் கோளாறை மறைக்க, கட்டியவளின் மார்பில் பட்டையை ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறான் அவர் மகன். தான் வீட்டுக்குள் நுழையும் நேரம் அதில் பதிவாகும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவள் இதயம் எதற்காக எகிறுகிறது என்று அவன் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டான். அதை அவனிடம் தனியாகக் கேட்பேன், கதவைச் சாத்திக்கொண்டு. வீட்டு அழுக்கை வக்கீல் முன்னால் அலசுகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அதற்காக, உண்மை பேசிய ஒரு கருவியைப் பொய் என்று சொல்லி அனுப்பவும் என்னால் முடியாது. அதுவும் எங்கள் வழக்கமில்லை.

நான் என் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததே இல்லை. அன்றும் சாயவில்லை.

"மெஷின் சரியாத்தான் சொல்லுது. பட்டைய வேற ஆளுக்கு மாத்தச் சொன்னது நான்தான். உங்க கருவி கண்டுபிடிக்குதா இல்லையான்னு பாக்கறதுக்கு" என்றேன்.

வக்கீல் மேஜையைத் தட்டினார். "மேடம்னா மேடம்தான்!" தம்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு என் பின்னால் வந்து ஒளிந்துகொள்ளும்போது இருந்த அதே முகம். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை, நம்பாததைக் காட்டிக்கொள்ளவும் இல்லை. அந்த இடத்திலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினேன்.

"புதுப் பட்டை ஒண்ணு இருக்கா?"

பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

"தம்பி, சட்டையக் கழட்டு."

"அக்கா... இப்பவா? இத்தனை பேர் முன்னாடியா?"

"பரீட்சை பாதிதான் முடிஞ்சிருக்கு. மீதி உன்கிட்ட இருக்கு. இதுவும் நான் சொல்றதுதான்."

வக்கீலுக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றது. தம்பி பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சட்டை விலகியது. தோளெலும்புக்குக் கீழே தோல் சுத்தமாக இருந்தது, சிவப்பு என்று பெயருக்குக்கூட இல்லை. என் சட்டைக்குள் அந்தச் சதுரம் அரித்தது. இந்த முறை நான் சொறிந்துகொண்டேன். அந்தப் பெண் பட்டையை அவன் மார்பில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தாள். சுவர்த் திரையில் பச்சைக் கோடு எழுந்தது, விழுந்தது, ஒரு கணம் தயங்கியது, மறுபடி எழுந்தது.