இருபத்தாறு பவுண்டு காற்று

படீரென்று ஒரு சத்தம். போடிமெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அம்பாசிடர் இடது பக்கம் சாய்ந்து, ஒன்பதாவது வளைவின் கைப்பிடிச் சுவரைப் பத்தடி தூரம் உரசிக்கொண்டு போய் நின்றது. சுந்தர்ராஜ் ஸ்டீயரிங்கை விடவில்லை. விட்டிருந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளத்தைத் தவிர வேறொன்றும் கிடையாது.

பின்சீட்டில் இருந்த சங்கரலிங்கம் தலையில் சிதறியிருந்த ஏலக்காயைத் தட்டிவிட்டுக்கொண்டே கீழே இறங்கினார். போடி பஜாரில் அவருக்கு ஏலக்காய்க் கடை, மெட்டுக்கு மேலே தோட்டம், ஒரு கார், ஒரு ஜீப்பு. அந்தக் காரைப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறவன் சுந்தர்ராஜ். கிறிஸ்தவன்; ஊர்ப் பேச்சில் வேதக்காரன்.

முன்பக்க இடது டயர் வாய் பிளந்து கிடந்தது.

"காத்துப் பாத்தியாடா?"

"பாத்தேன் மொதலாளி. ஆயுத பூசைக்கு மறுநாள் நாலுக்கும் இருபத்தாறு பவுண்டு அடிச்சேன்."

"இருபத்தாறு இருந்தா ஏன் வெடிக்குது? டயர் வாங்கி மூணு மாசம் ஆகல."

சுந்தர்ராஜ் அந்தச் சக்கரத்தைக் கழற்றினான். டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்து மாட்டினான். கேஜ் வைத்துப் பார்த்தபோது ஸ்டெப்னியில் காற்று சரியாக இருந்தது. மற்ற மூன்று சக்கரத்துக்கும் வைத்துப் பார்த்தான். பதினெட்டு, பதினாறு, இருபது. பம்ப்பை எடுத்து மூன்றுக்கும் மிதித்து ஏற்றினான்.  போடியில் கடை வாசலில் இறங்கியதும் சங்கரலிங்கம் சொன்னார்:

"ஆயுத பூசையன்னைக்கு வண்டிய விட்டுட்டு நீ லீவு போட்டுட்டுப் போயிர்ற. உங்க வேதத்துல அது இல்ல, சரி, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா பூசை போட்ட வண்டிய நீ எளப்பமா நெனச்சா நான் பாத்துக்கிட்டு இருக்க மாட்டேன். வியாழக்கிழமை காலையில எனக்குக் காரணம் வேணும். இல்லைன்னா சாவிய பலவேசத்துக்கிட்டக் குடுத்துரு."

பலவேசம் அவருடைய அக்கா மகன். ஜீப்பு ஓட்டுகிறான். கார் மேல் அவனுக்கு ரொம்ப நாளாகக் கண். சாவி கைமாறினால் சுந்தர்ராஜுக்குப் போவது வேலை மட்டும் இல்லை. ஏலக்காய்க் குடோனுக்குப் பின்னால் அவனும் மனைவி ஞானபாக்கியமும் இரண்டு பிள்ளைகளும் குடியிருக்கிற வீடும் டிரைவருக்கென்று கொடுத்த வீடுதான்.

மறுநாள் வெடித்த டயரை டிக்கியில் போட்டுக்கொண்டு தேனிக்குப் போனான். பெரியகுளம் ரோட்டில் வேலுச்சாமியின் டயர்க் கடை. வேலுச்சாமி கை நிறையக் கருப்பும் வாய் நிறையக் கேலியுமாக இருக்கிற ஆள்.

"என்ன மாப்ள, மலைய இடிக்கப் போனியாமே?"

"கேலிய அப்பறம் வச்சுக்க. இத முதல்ல பாரு."

வேலுச்சாமி டயரை விரித்து உள்ளே கையை விட்டு எடுத்தான். விரலில் கரி மாதிரி ரப்பர்ப் பொடி.

"காத்து கம்மியா ஓடியிருக்கு. ஓட ஓட டயர் உள்ளயே மடங்கி மடங்கி அரைஞ்சு, சூடேறி வெடிச்சிருக்கு. ஆணி கீணி ஒண்ணும் குத்தல."

"நான் இருபத்தாறு அடிச்சேன்டா."

"நீ அடிச்சே. அது எங்கன போச்சுன்னு பாப்போம்."

காரின் மற்ற மூன்று சக்கரங்களையும் கழற்றித் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பார்த்தான். டியூபில் ஒரு குமிழி வரவில்லை. பிறகு சக்கரத்தைத் தரையில் சாய்த்து, விரலில் எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்தான். எச்சில் மெதுவாக உப்பி, மிளகளவு குமிழியாகி உடைந்தது. மறுபடி உப்பியது.

"ஆக, வால்வு. ரிம்முக்குப் புதுசா சில்வர் அடிச்சிருக்கே, யாரு?"

"நம்ம பெயிண்டர் பேச்சிமுத்து. பூசைக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி காருக்கும் ஜீப்புக்கும் சேத்து அடிச்சான். ஸ்டெப்னிய மட்டும் விட்டுட்டான்."

"பெயிண்ட் உள்ள போயிருக்கும். இரு."

வால்வுக்குள் காற்றை அடைத்து நிறுத்துகிற சின்னப் பின்னைத் திருகி எடுத்தான். காற்று உஸ்ஸென்று சீறி அடங்கியது. பின்னை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவன், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அப்புறம் ஒரு மாதிரியாகச் சிரித்தான்.

"மாப்ள, இது பெயிண்ட் இல்ல. மோந்து பாரு."

சுந்தர்ராஜ் மோந்து பார்த்தான். சந்தனம். பின்னின் ரப்பர் வளையத்தைச் சுற்றி மணல் மணலாக, மஞ்சளாக ஒட்டியிருந்தது. அடுத்த சக்கரத்திலும் அதேதான். வெடித்த டியூபின் வால்விலும் அதேதான்.

நடந்தது என்னவென்று இரண்டு பேருக்கும் அப்போதே புரிந்துவிட்டது. பெயிண்ட் ஒட்டிவிடக் கூடாதென்று பேச்சிமுத்து வால்வு மூடிகளைக் கழற்றியிருக்கிறான், திருப்பி மாட்டவில்லை. பூசையன்று சக்கரத்துக்குப் பொட்டு வைத்தவர் யாரோ, திறந்து கிடந்த வால்வு வாயிலேயே சந்தனத்தை அப்பியிருக்கிறார். மறுநாள் சுந்தர்ராஜ் மேலாகத் துடைத்துவிட்டு, மூடி இல்லாததையும் பார்த்துவிட்டு, பேச்சிமுத்துவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பம்ப்பை மாட்டி மிதித்திருக்கிறான். வெளியில் இருந்த சந்தனத்தை உள்ளே அனுப்பியது அவன் அடித்த காற்றுதான்.

"பூசையில பொட்டு வைக்கிறது யாரு?" என்றான் வேலுச்சாமி.

"பலவேசமாத்தான் இருக்கும். நான் என்னைக்கு அங்கன இருந்தேன்?"

"அப்ப முடிஞ்சுது. பலவேசம் பேரைச் சொல்லு, வேலை தப்பும்."

"பாக்காததை எப்படிச் சொல்றது?"

"சொல்லாட்டிப் போ. வேதக்காரன் வந்து, ஒங்க பூசைச் சந்தனந்தான் டயரை வெடிக்க வச்சுதுன்னு சொன்னா மொதலாளி மாலை போட்டு வரவேப்பாக!"

மூன்று சக்கரத்துக்கும் புதுப் பின் போட்டு, மூடி போட்டு, இருபத்தாறு அடித்துக் கொடுத்தான். பழைய பின்களை ஒரு காகிதத்தில் மடித்துச் சுந்தர்ராஜின் சட்டைப்பையில் வைத்தான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. சங்கரலிங்கம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடை மெத்தையில் உட்கார்ந்து மாதிரிக்கு வந்த ஏலக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஜீப்பு நின்றது. பூசைக்கு மறுநாளே பிரேக் வேலைக்கு ஒர்க்‌ஷாப் போன ஜீப்பு, அன்றைக்குத்தான் நாலு சக்கரத்துக்கும் காற்றடித்துத் திரும்பி வந்திருந்தது. தோட்டத்தில் காய் எடுக்கிற பெண்கள் எட்டுப் பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். பலவேசம் பானெட் மேல் சாய்ந்துகொண்டு, "என்னண்ணே, சாவிய எண்ணெய் போட்டுத் தொடச்சு வச்சிருக்கியா?" என்றான்.

சுந்தர்ராஜ் உள்ளே போய்க் காகிதத்தைப் பிரித்து வைத்தான். நடந்ததைச் சொன்னான். சங்கரலிங்கம் ஒரு பின்னை எடுத்தார், மோந்தார், கீழே வைத்தார்.

"பூசைச் சந்தனத்தால டயர் வெடிச்சுதுங்கிறே."

"மூடி இல்லாததால மொதலாளி. மூடி இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது."

"யாரு வச்சதுன்னு சொல்றே? பலவேசமா?"

சுந்தர்ராஜின் நாக்கு நுனிவரை அந்தப் பெயர் வந்தது. குடோனுக்குப் பின்னால் இருக்கிற வீடும் கண்முன் வந்தது.

"எனக்குத் தெரியாது மொதலாளி. அன்னைக்கு நான் இங்கன இல்ல. மூடி இல்லாததைப் பாத்தும் காத்தடிச்சது நான். அது என் தப்பு."

சங்கரலிங்கத்தின் முகம் என்னவோ போல் ஆனது. பின்னை மறுபடி எடுத்து மோந்தார். வெற்றிலைச் செல்லத்தை இழுத்தார், திறக்காமல் தள்ளி வைத்தார். பிறகு குரலைக் கனமாக்கிக்கொண்டு சொன்னார்:

"தப்பை ஒத்துக்கிட்டேல்ல. சாவிய வை."

சுந்தர்ராஜ் சாவியைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தான். பலவேசம் ஜீப்பைக் கிளப்பினான். பெண்களில் யாரோ சிரித்தார்கள். முன்சக்கரம் மெதுவாகச் சுழன்றது. புது சில்வர் பெயிண்ட் வெயிலில் பளிச்சென்றது. அதன் நடுவில், வால்வின் நுனியில், காய்ந்த மஞ்சள் ஒரு புள்ளி.

சுந்தர்ராஜ் கடைக்குள் திரும்பிக் கத்தினான்:

"மொதலாளி, ஜீப்புலயும் மூடி இல்ல! மேல ஏறுது!"

தராசுத் தட்டு உருள, ஏலக்காய் சிதற, சங்கரலிங்கம் வெறுங்காலோடு தெருவுக்கு ஓடி வந்தார். ஜீப்புக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"ஏலே பலவேசம், நிறுத்துடா வண்டிய! அந்த நாலு சக்கரத்துக்கும் நான்தான்டா பொட்டு வச்சேன்!"