சீல் இல்லாத பேரிங்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தூத்துக்குடியிலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் பேரிங் கடை போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பெர்சிஸின் வாயால்தான் பாதி வியாபாரம் நடக்கிறது என்று என் வீட்டுக்காரர் வேதமாணிக்கம் எல்லோரிடமும் சொல்லுவார். அது பாராட்டா நக்கலா என்று நான் இதுவரை கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், லாரி ஷெட்காரர்கள் நாலைந்து பேர் கடையை அடைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் அந்தப் பெண் வந்தாள். பெயர் சங்கமித்ரா, வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, காலேஜில் என்.சி.சி. விமானப் பிரிவு. கம்பியில் கட்டிச் சுற்றிப் பறக்கவிடும் குட்டி விமானம் இருக்கிறதே, அதன் இன்ஜினில் பின்பக்க பேரிங் துருப்பிடித்துவிட்டதாம். மறுநாள் காலை மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அவளுக்கு இது கடைசி வருஷம். காலேஜில் இருப்பதோ இந்த ஒரே இன்ஜின், அதற்குப் பாகங்கள் வருவதும் நின்றுபோய்விட்டது. கழற்றிய பழைய பேரிங்கை மேசையில் வைத்து, இதே நம்பர், ஆனால் சீல் இல்லாதது வேண்டும் என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. இந்த உப்புக்காற்றில், இந்தக் கரித்தூளில், மூடி இல்லாத பேரிங்கா? எங்களிடம் வாங்கும் கிரேன், பம்பு, லாரி எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் போட்டதைத்தான் கொடுப்போம். ஒரு தடவை துருப்பிடித்தும் புத்தி வராமல் அதையே கேட்கிறாளே என்று நினைத்தேன்.

“ஏ பிள்ள, நீ பொறக்குமுன்னேயே பேரிங் வித்தவ நான். சொன்னதைக் கேளு, சீல் போட்டதைக் கொண்டு போ.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கவரில் போட்டுக் கையில் திணித்துவிட்டேன். லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஐந்து மணிக்குக் கூட்டம் குறைந்ததும், அவள் விட்டுப்போன பழைய பேரிங் கண்ணில் பட்டது. எடுத்துப் பார்த்தால் விளிம்பில் சீல் உட்காரும் பள்ளமே இல்லை. மோந்து பார்த்தேன், விளக்கெண்ணெய் வாசம். அப்போதுதான் உறைத்தது. எரிபொருளோடு எண்ணெயையும் கலந்து ஊற்றுகிற இன்ஜின் அது. அந்த எண்ணெய் பின்பக்க பேரிங்குக்குள்ளேயே போய் வரும், அங்கே மூடி எதற்கு? இன்ஜின் சூட்டில் ரப்பர் பொடிந்து பிஸ்டன் இடுக்கில் சிக்கினால் இன்ஜினே நாசமாகிவிடும். ஐயோ, அந்தப் பிள்ளையைக் கெடுத்தேனே!

கடையை வேதமாணிக்கத்திடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் கண்டெய்னர் லாரி. பாவம் ஆட்டோக்காரர், அவராலும் என் வாயிலிருந்து தப்பமுடியவில்லை.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பெயரைச் சொன்னதுமே பின்பக்கம் கை காட்டினார்கள். அதற்கு முன்பே இன்ஜின் சத்தம் கேட்டுவிட்டது. ஓட்டவே ஆரம்பித்துவிட்டாள். நான் பிளாக்கைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பலகையில் திருகி மாட்டிய இன்ஜின் வீறிட்டுக்கொண்டிருந்தது. நிறுத்து என்று கையை ஆட்டுவதற்குள் அதுவாகவே நின்றுபோனது.

போச்சு என்று படியில் உட்கார்ந்துவிட்டேன். சங்கமித்ரா பதறிப்போய் ஓடிவந்தாள்.

“நான்தான் தப்பாக் கொடுத்துட்டேன் பிள்ள. இன்ஜின் போச்சா?”

“சூப்பரா கீதுக்கா. டேங்க் காலி, அதான் நின்னுச்சு.”

பாக்கெட்டிலிருந்து இரண்டு கறுப்பு ரப்பர் வளையங்களை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் குண்டூசியால் நெம்பி இரண்டு சீலையும் எடுத்திருக்கிறாள். உள்ளே இருந்த கிரீஸைப் பெட்ரோலில் கழுவி, பேரிங் சுருங்கட்டும் என்று ஃப்ரீசரில் வைத்திருக்கிறாள். இன்ஜின் உடம்பைத் தோசைக்கல்லில் சூடாக்கி, பேரிங்கைப் போட்டதும், சுத்தியலே தொடாமல் உள்ளே உட்கார்ந்துகொண்டதாம். மேலே ஜன்னலில் அவள் அம்மா பூவம்மா, தோசைக்கல்லில் இன்னும் இன்ஜின் எண்ணெய் நாற்றம் போகவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

இன்ஜின் முன்னால் இருந்த விசிறியை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்ட மறு நிமிஷம் கோபமும் வந்தது. இவ்வளவு தெரிந்தவள் கடையிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்டேன்.

“நீங்க எங்கக்கா சொல்ல வுட்டீங்க?” என்றாள்.

பூவம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அந்த இரண்டு வளையங்களையும் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. அணியில் எடுத்துவிட்டார்களாம். கடை என்றும் பார்க்காமல் கையெடுத்துக் கும்பிட்டேன். எதிரே, நேற்றுச் சிரித்த லாரி ஷெட்காரர்களில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நம்பரைச் சொல்ல ஆரம்பித்தார். வழக்கம்போல அவர் முடிப்பதற்குள் என் கை அலமாரிக்குப் போனது. இழுத்துக்கொண்டேன்.

“முழுசாச் சொல்லுங்கண்ணே, கேக்கேன்.”

அவர் வேதமாணிக்கத்தின் பக்கம் திரும்பி, அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.