எடைச் சீட்டில் ஆஸ்லின்

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு போகிற வழியில் என் எடைமேடை இருக்கிறது. லாரியைச் சரக்கோடு ஒரு தரம், வெறும் வண்டியாக ஒரு தரம் நிறுத்தி, கழித்துச் சீட்டுக் கொடுப்பது தொழில். முப்பத்தொரு வருஷத்தில் நான் எடை போடாத பொருள் கிடையாது. மழைக்கு மறுநாள் பசுவந்தனையிலிருந்து நடந்தே வந்த ஒருவரை, காலில் ஒட்டிய கரிசல் மண்ணோடு மேடையில் ஏற்றிப் பார்த்தேன். நூற்றுப் பத்து கிலோ. காலைக் கழுவிவிட்டு ஏற்றினேன். ஐம்பத்தெட்டு. இதை நம்பாதவர்கள் உண்டு. அவர்கள் மழைக்காலத்தில் பசுவந்தனைக்குப் போகாதவர்கள்.

நான் வாயைத் திறந்தால் பொய் என்று என் மனைவி ஜானகியம்மாள் சொல்லுவாள். இருக்கட்டும். அத்தனை பொய்யிலும் சேதம் உண்டாக்கியது ஒன்றுதான். அதுவும் நல்ல எண்ணத்தில் சொன்னது.

அடுத்த தெரு மிக்கேல்ராஜின் மகள் ஆஸ்லின். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கொரோனா காலத்தில் வேலை கிடைக்காமல் இருந்தாள். "வீட்ல இருந்தா அம்மை பாத்திரம் கழுவச் சொல்லுதாவ பெரியப்பா, உங்க கூட வந்து உக்காருதேன்" என்று வந்தவள், ரெண்டு வருஷம் ரெண்டு மாதம் உட்கார்ந்தாள். வந்த ஒரு வாரத்தில் என் பழைய கம்ப்யூட்டரைக் குடைந்து புதிதாக ஒன்றை எழுதிப் போட்டாள். அதற்கப்புறம் வண்டி ஏறி நின்றதும் சீட்டு தானாக வந்து விழும். சீட்டின் அடியில், 'எடையிட்டவர்: ஆஸ்லின்'.

லாரிக்காரர்கள் அவளுக்குப் பயந்தார்கள். "அண்ணாச்சி, கீழ இறங்கி நில்லுங்க. உங்க தொந்தியையும் சேத்து மக்காச்சோளம்னு எழுத ஏலாது" என்பாள். மத்தியானம் வண்டி வராத நேரம் நான் கதை விடுவேன். அவள் மறுக்கமாட்டாள். "அப்பொறம்?" என்று மட்டும் கேட்பாள். பொய் சொல்லுகிறவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

பிறகு கனடாவுக்கு மேல்படிப்புக்குப் போனாள். வினிப்பெக் என்று ஊர். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "இங்கனயும் கரிசல்தான் பெரியப்பா. பனி உருகுனா செருப்போட பாதி வயலு வீட்டுக்கு வருது. உங்க பசுவந்தனைக்காரரை இங்கன எடை போட்டா நூத்தி இருவது காட்டும்."

போன வருஷம் படிப்பு முடிந்தது. அப்புறம்தான் கஷ்டம். அங்கே வேலை பார்க்க அரசாங்கம் ஒரு அனுமதி தர வேண்டும். எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. பதில் வருகிறவரைக்கும் வேலை பார்க்கலாம் என்று சட்டம் இருக்கிறதாம். ஆனால் கம்பெனிக்காரன் ஒருத்தனும் சட்டத்தைக் கேட்கவில்லை, அனுமதிக் காகிதத்தைக் கேட்டான். நூற்று நாற்பது இடத்துக்கு எழுதினாள். பாதிப் பேர் 'அனுமதி வந்ததும் சொல்லுங்கள்' என்றார்கள். மீதிப் பேர் அதுவும் சொல்லவில்லை.

கடைசியில் ஒருவன் இரங்கினான். தானியக் கிட்டங்கிக் கம்பெனி. கோதுமை லாரிகளை எடை போட்டு இறக்கும் இடத்தில் கம்ப்யூட்டர் வேலை. "கோவில்பட்டியில எடைமேடையில ரெண்டு வருஷம் இருந்திருக்கியா? நாளைக்கே வா" என்றானாம். முன்னே வேலை பார்த்த இடத்தில் மட்டும் ஒரு வார்த்தை விசாரிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறான். அவளும் என் நம்பரைக் கொடுத்துவிட்டாள். கொடுத்ததை என்னிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டைப் பற்றி, முகம் தெரியாதவர்கள் அக்கம்பக்கத்துக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள். இந்தத் தெருவில் அந்த போன்கள் எல்லாம் எனக்குத்தான் வரும். நான் பேசிப் பதினோரு கல்யாணம் நடந்திருக்கிறது. பதினோராவது மாப்பிள்ளை இன்றைக்கும் என்னை ரோட்டில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. சென்னையிலிருந்து ஒரு பெண். பெயர் ஜெயப்பிரியா. ஏதோ கம்பெனி பெயர் சொன்னாள். இப்போது கல்யாணத்துக்கும் கம்பெனி வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன்.

"வேல்சாமி சார்தானே? ஆஸ்லின் பற்றி கனடாவிலிருந்து விசாரிக்கச் சொல்லியிருக்காங்க. உங்களுக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?"

"பிறந்த அன்னைக்கே எடை போட்டேன். மூணு கிலோ நூறு."

"நடத்தை எப்படி சார்?"

அந்தக் கேள்வியில்தான் விழுந்தேன். கனடா மாப்பிள்ளை என்று முடிவு கட்டி, மிக்கேல்ராஜ் குடும்பத்தை வானத்துக்குத் தூக்கினேன். அடுத்து அவள் கேட்டாள்: "உங்க எடைமேடையில வேலை பார்த்தாங்களா?"

லாரிக்காரர்கள் நடுவில் வேலை பார்த்த பெண் என்று தெரிந்தால் வந்த சம்பந்தம் கெட்டுப்போகுமே! "வேலையா? அந்தப் பிள்ளையா? எடைமேடை எந்தத் திசையில இருக்குன்னு கேட்டாச் சொல்லத் தெரியாது. வீடு, விட்டாச் சர்ச்சு. மீன் குழம்பு வச்சா ஓட்டப்பிடாரம் வரைக்கும் மணக்கும்!"

"அப்போ வேலையே பார்க்கலைன்னு எழுதிக்கவா?"

"தாராளமா எழுதிக்கோங்க" என்றேன். பன்னிரண்டாவது கல்யாணமும் ஆயிற்று என்று ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

வியாழக்கிழமை காலை ஆஸ்லின் போனில் அழுதாள். "பெரியப்பா, நான் வேலையே பாக்கலைன்னு சொன்னீங்களா? பொய்யா அனுபவம் காட்டிருக்கேன்னு கேக்காவ. நாளைக்குள்ள சரியான தகவல் வரலைன்னா வேலை கிடையாதாம்."

எனக்கு உட்காரத் தோன்றியது. ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தேன்.

"கல்யாணத்துக்குக் கேக்குதாவன்னு நெனைச்சுட்டேன் தாயி."

அந்தப் பக்கம் அவள் மூக்கைச் சிந்தினாள். அப்புறம் மெதுவாக, "மீன் குழம்பும் சொன்னீங்களோ?" என்றாள்.

"சொன்னேன்."

"எனக்கு வெந்நி வைக்கவே தெரியாது பெரியப்பா." ஒரு மூச்சு விட்டு, "இதுவும் போச்சுன்னா நான் ஊருக்கே வந்துருதேன். காத்துக்கிட்டே இருக்க முடியலை" என்று வைத்துவிட்டாள்.

உண்மையைச் சொல்லுகிறேன், அந்த நிமிஷம் எனக்கு ஒரு நப்பாசை வந்தது. வரட்டுமே. அவள் நாற்காலி அப்படியேதான் கிடக்கிறது. மக்காச்சோளத் தூசி படிந்தால் நானே துடைத்து வைக்கிறேன்.

காலைச் சாப்பாடு கொண்டுவந்த ஜானகியம்மாள் என் முகத்தைப் படித்துவிட்டாள். "என்ன யோசன? உங்க கதை கேக்க ஆளில்லன்னு அந்தப் பிள்ள பொழப்பக் கெடுக்காதீங்க. வாழ்க்கையில ஒரு நாளாவது உள்ளதச் சொல்லுங்க."

ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. "சார், செவ்வாய்க்கிழமை ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்க. ஏதாவது ஆதாரம் இருக்கா?"

சாக்கு சாக்காகச் சீட்டு நகல் இருந்தது. 2020 ஜூனிலிருந்து கையில் அகப்பட்டதையெல்லாம் படம் எடுத்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவளே அழைத்தாள்.

"அவங்க எப்போ வேலையை விட்டாங்க?"

"ரெண்டாயிரத்து இருவத்திரெண்டு ஆகஸ்டு."

"நேத்து தேதி போட்ட சீட்டிலும் ஆஸ்லின்னுதானே சார் இருக்கு?"

மாட்டிக்கொண்டேன். அந்தப் பெயர் இன்னும் விழுந்துகொண்டுதான் இருந்தது. மதுரையிலிருந்து மெக்கானிக் மூன்று தரம் வந்து மாற்றித் தருகிறேன் என்றான். பெயரைத் தொட்டால் எடை நாலு கிலோ பிசகும் என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். இசக்கிதுரை என்று ஒரு டிரைவர், சீட்டைப் பார்த்துவிட்டு, "பிள்ளை எங்க அண்ணாச்சி?" என்பான். "சாப்பிடப் போயிருக்கா" என்பேன். ரெண்டரை வருஷமாக அவள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அவனும் சாத்தூர் வழியாக வரும்போதெல்லாம் அவளுக்கென்று ஒரு பொட்டலம் சேவு வைத்துவிட்டுப் போவான். அந்தச் சேவை யார் தின்றது என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

"மாத்தத் தெரியலையா சார்?" என்றாள் ஜெயப்பிரியா.

தெரியவில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. ஜானகியம்மாள் எதிரே நின்றாள்.

"மாத்த மனசில்லம்மா. ஒரு நாளைக்கு அம்பது சீட்டு விழும். அம்பது தரமும் பிள்ளை பக்கத்துலதான் இருக்கான்னு ஆயிருது. வேற ஒண்ணுமில்ல."

போனில் அவள் கம்ப்யூட்டரில் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "நீங்க சொன்னதை அப்படியே எழுதி அனுப்புறேன் சார். அவங்க கிளம்பின தேதியைப் பாஸ்போர்ட்ல பார்த்துக்குவாங்க" என்றாள். வைக்கும் முன், "எங்க அப்பாவும் எங்க வீட்டு வாசல்ல என் பழைய ஸ்கூட்டரை நிறுத்தியே வச்சிருக்கார்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை ஆஸ்லின் அழைத்தாள். "பெரியப்பா! திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாவ!"

"அனுமதி வந்துட்டாட்டி?"

"அது இன்னும் வரலை. வரும்போது வரட்டும், அதுவரைக்கும் பாக்கலாம்னு சொல்லிட்டாவ." அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா சீட்டுல பேரை மாத்திருங்க. ரெண்டு நாட்டுல வேலை பாக்கேன்னு எவனாவது எழுதிவச்சிரப் போறான்."

போனிலேயே வழி சொன்னாள். அங்கே தட்டு, இங்கே தட்டு என்று வந்து, கம்ப்யூட்டர் ரகசிய எண் கேட்டது.

"என்ன எண்ணுட்டி?"

"ஒண்ணு, ஒண்ணு, பூஜ்யம், அஞ்சு, எட்டு."

பாதியில் என் விரல் நின்றுவிட்டது. நூற்றுப் பத்து. ஐம்பத்தெட்டு.

"பசுவந்தனைக்காரரா?"

"வேற யாரு? நான் அவரை நம்புனேன் பெரியப்பா" என்றாள்.

மத்தியானம் இசக்கிதுரை மக்காச்சோளத்தோடு வந்தான். சேவுப் பொட்டலத்தை மேஜையில் வைத்தான். சீட்டை வாங்கி, 'எடையிட்டவர்: வேல்சாமி' என்பதை இரண்டு தரம் படித்தான்.

"என்ன அண்ணாச்சி, பிள்ளை வேலையை விட்டுட்டாளா?"

"ஆமாலே. இன்னைக்குத்தான் போனா."

"எங்க?"

"கனடாவுல, கரிசக் காட்டுல, கோதுமை லாரிக்கு எடை போடப் போயிருக்கா."

என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உங்க பொய்க்கு ஒரு அளவே கிடையாது அண்ணாச்சி" என்று சொல்லி, சேவுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டான்.